வராதவர் பட்டியலில் நீலாவதி

ஜங்லிகாட், போர்ட் பிளேர்
18.4.1968, வியாழக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் சிவஞானம் அவர்கள் சமூகத்துக்கு, சொக்கலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை விசாலாட்சியும் குழந்தை நீலாவதியும் உடம்பளவில் சௌக்கியம். மீன் கிடைக்கிறது, காய்கறி கிடைக்கவில்லை, வெங்காயம் அடுத்த கப்பலில் வருகிறது என்று மூன்று கப்பலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தாங்களும் ஜெயலட்சுமி அக்காவும் பெரம்பூரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை வழக்கம்போல வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படிக்கவும். முடிந்தால் மாடி வீட்டுக்காரர்களையும் கூப்பிடவும். இங்கே நடக்கிற அக்கிரமம் மெயின்லேண்டில் நாலு பேருக்குத் தெரியட்டும். ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் காகிதத்தில், ஆபீஸ் மையால் எழுதுகிறேன். சர்க்கார் மேல் உள்ள கோபத்துக்கு என் சொந்தக் காகிதத்தைச் செலவழிக்க மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். வருகிற செவ்வாய்க்கிழமைக் கப்பலில் நீலாவதியை மெட்ராஸுக்கு டாக்டரிடம் கூட்டி வருகிறேன், ஹார்பருக்கு வந்து நிற்கவும் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வர வேண்டாம். நாங்கள் வரவில்லை. நாளைக் காலையில் ‘வரவில்லை’ என்று ஒரு தந்தியும் அடித்துவிடுகிறேன். காரணத்தைத் தந்தியில் எழுத முடியாது. என் வாயில் வருகிற வார்த்தைகளைத் தந்தி ஆபீஸில் வாங்க மாட்டார்கள்.

நீலாவதி வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள், கோழிக்குக்கூடப் பாடம் நடத்துவாள், ஆனால் வாசற்படி தாண்டினால் ஒரு சொல் வராது, பதினாலு மாதமாக இப்படி என்பது தாங்கள் அறிந்ததே. எப்படி ஆரம்பித்தது என்று அக்கா கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். போன வருஷம் பிப்ரவரியில் கணக்குப் பரீட்சையில் ஒரு கணக்குக்கு விடை சரி, வழி சரியில்லை என்று கிரேசி டீச்சர் இரண்டு மார்க்கைக் குறைத்துவிட்டார். நான் விடுவேனா? நேரே வகுப்புக்குப் போய், ஐம்பது பிள்ளைகள் முன்னால் நீலாவதியைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்து, “இவளையே கேளுங்க. வழி தெரியுமா தெரியாதான்னு இவ சொல்லட்டும். சொல்லுடீ, வாயத் திறந்து சொல்லு” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள், அது மிகை. டீச்சர் உடனே இரண்டு மார்க்கையும் திருப்பிப் போட்டார். நியாயம் ஜெயித்தது. அந்த வாரத்திலிருந்துதான் குழந்தை வெளியில் பேசுவதில்லை. ஆக, எல்லாவற்றுக்கும் அந்த டீச்சரின் கண்டிப்புதான் காரணம் என்பது யாருக்கும் விளங்கும்.

பேசாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்தது தெரியுமா? பரிசு கொடுத்தது. ஆண்டு விழாவில் ஹெட்மாஸ்டர் வேதநாயகம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ‘வருஷம் பூராவும் வகுப்பில் ஒரு சத்தம் போடாத மாணவி’ என்று புகழ்ந்து நீலாவதிக்கு ஒழுக்கப் பரிசாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா கொடுத்தார். ஊரே கை தட்டியது. உங்கள் தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், பக்கத்தில் இருந்தவர்கள் பெருமையில் அழுகிறாள் என்று நினைத்து அவளுக்கும் கை தட்டினார்கள். மறுநாள் நான் போய்க் கேட்டால் வேதநாயகம், “சார், உங்க பொண்ணு மாதிரி வகுப்புக்கு நாலு பேர் இருந்தா நான் ரிட்டயர் ஆகாமலே இருந்துடுவேன்” என்கிறார். பிள்ளை கல்லாக உட்கார்ந்திருந்தால் இவர்களுக்குச் சந்தோஷம், பேசினால்தான் வியாதி.

இதற்குப் பணம் இல்லை என்று சொன்னால்கூட நான் பொறுத்துப்போவேன். பணம் இருக்கிறது மச்சான். பள்ளிக் குழந்தைகளின் மனநலத்துக்கு என்று டெல்லியிலிருந்து இந்தத் தீவுக்கு இரண்டு வருஷமாகப் பணம் வருகிறது. முதல் வருஷம் பள்ளிக்கூடத்திலேயே ஒரு டாக்டரை வைப்பதாகத் திட்டம். குட்வில் எஸ்டேட்டில் அவருக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் ஓர் இன்ஜினீயர் குடியேறிவிட்டார், வீடு இல்லாத ஊருக்கு வர மாட்டேன் என்று டாக்டர் எழுதிவிட்டார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும், ஆகையால் ‘மனநல அறை’ என்று ஒரு பெயர்ப்பலகை, ஒரு மேஜை, ஓர் அழைப்பு மணி, கல்கத்தாவிலிருந்து ஆடுகிற மரக்குதிரை ஒன்று. இந்தக் குதிரை கப்பலில் வந்து இறங்கும்போது ஒரு காது உடைந்திருந்தது. காது உடைந்த குதிரையை ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்ற முடியாதாம், ஏற்றாத சாமானைக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாதாம், கொடுத்து இன்னொரு காதும் உடைந்தால் வேதநாயகத்தின் சம்பளத்தில் பிடிப்பார்களாம். ஒரு வருஷமாகக் குதிரை சாக்கைப் போர்த்திக்கொண்டு பூட்டிய அறையில் நிற்கிறது. இந்தத் தீவில் சர்க்கார் செலவில் நிம்மதியாக இருக்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

இந்த வருஷம் திட்டத்தை மாற்றினார்கள். மெட்ராஸிலிருந்து டாக்டர் சந்திரமதி அம்மாள் என்பவர் கப்பலில் வந்து பத்து நாள் தங்கி, பன்னிரண்டு குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பார். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மெட்ராஸில் ஆறு வாரம் இலவச வைத்தியம். குழந்தைக்கும் துணைக்கு ஒருவருக்கும் கப்பலில் இலவச பங்க், அதாவது படுக்கை இடம். இங்கேதான் வினை வந்தது. கோடை லீவில் கப்பலில் பங்க் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது சீட்டுப் பிரிவில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்குத் தெரியும். காத்திருப்போர் பட்டியல் என் மேஜை மேல்தான் இருக்கிறது, அதில் என் பெண்ணைக் குறுக்கே நுழைத்தால் நான் ஜங்லிகாட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆகவே முறைப்படி இந்தத் திட்டத்தை நம்பி உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. இலவச பங்க் என்ற செய்தி பரவியதும், அதுவரை ஒரு வியாதியும் இல்லாத இந்த ஊரில் ஒரே வாரத்தில் அறுபத்துமூன்று குழந்தைகளுக்கு மனம் கெட்டுப்போனது.

அடுத்த வீட்டு கான்டிராக்டர் பாலசுப்பிரமணியத்துக்குக் காரைக்குடியில் மே பத்தாம் தேதி தம்பி கல்யாணம். அவர் தன் ஏழு வயதுப் பெண் ருக்குவுக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். “லேசாக் கடிச்சா நம்ப மாட்டாங்க, பல்லு பதியணும்” என்று தன் கையையே நீட்டுகிறார் மனுஷன். அந்தக் குழந்தை நல்ல குழந்தை, எங்கள் நீலாவதிக்கு ஒரே சிநேகிதி. என்னைப் பார்த்ததும், “மாமா, கப்பல் ஏறினப்பறம் கடிக்க வேணாமாம், அப்பா சொன்னாரு” என்று விளக்கம் வேறு சொன்னது. இன்னொரு வீட்டில் பிள்ளையைத் தூக்கத்தில் நடக்கப் பழக்குகிறார்கள், அதுவும் பட்டப்பகலில். சாயங்காலங்களில் தெருவில் நடக்க முடியவில்லை. தின்னும் சோற்றை எறிகிறதும் காரணமில்லாமல் சிரிக்கிறதுமாக எல்லா வாசலிலும் ஒத்திகை.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம். நீலாவதிக்குத் தலை பின்னி, சலவை கவுன் போட்டு அனுப்பினோம். பெற்றோர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார்கள், நின்றோம். உள்ளே இங்க் புட்டி உடைகிறது, ஊளைச் சத்தம் கேட்கிறது, வெளியே நிற்கிற தகப்பன்மார்கள் ‘அது என் பையன்’, ‘அது என் பொண்ணு’ என்று பெருமையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். ருக்கு இரண்டாவது. அவள் முகாமுக்கு வந்த கம்பவுண்டரைக் கடித்து மூன்று பல் பதிந்துவிட்டதாம். நீலாவதியின் பெயர் பன்னிரண்டில் இல்லை. தள்ளப்பட்டவர் பட்டியலிலும் இல்லை. கடைசியில் தனியாக ஒரு தாள், ‘முகாமுக்கு வராதவர்’ என்று தலைப்பு, அதில் ஒரே ஒரு பெயர். நீலாவதி, தகப்பனார் சொக்கலிங்கம்.

காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் நாலரை வரை முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த குழந்தை மச்சான். கம்பவுண்டர் பெயர் கூப்பிட்டிருக்கிறான், ‘ஹாஜிர்’, வந்திருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும், இவள் சொல்லவில்லை, மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு வரவில்லை என்று எழுதிவிட்டான். டாக்டரம்மாவிடம் வந்தவர்களை மட்டும்தான் அனுப்பியிருக்கிறான். நான் போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். பல் பதிந்த கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நிதானமாக, “பைட்டீ தோ தீ, பாபுஜி. லேகின் போலீ நஹீ” என்கிறான். உட்கார்ந்திருந்தாள் சரி, பேசவில்லையே என்கிறான். பேசாததுதானடா வியாதி, அதற்குத்தானே அழைத்து வந்தேன் என்று இந்தியிலும் தமிழிலும் கத்தினேன். அவன் ரூல் புஸ்தகத்தைத் திறந்து காட்டினான். இலவச பங்க் சம்பந்தப்பட்டதால் கப்பல் சீட்டு விதியே முகாமுக்கும் பொருந்துமாம். ‘பயணி தன் பெயருக்குத் தன் வாயால், அதிகாரியின் காதில் விழும்படி பதில் சொல்ல வேண்டும். பிறர் சொல்வது செல்லாது.’

அந்த விதியை எழுதியது நான்தான். அது வேறு விஷயம். 1961இல் மரகதம் என்கிற அறுபது வயது அம்மாளின் சீட்டில், மீசை வைத்த ஓர் ஆள் மெட்ராஸ் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ஆள்மாறாட்டத்தை ஒழிக்க நான் ராப்பகலாக உழைத்துத் தயாரித்த சுற்றறிக்கை அது. கவுண்ட்டரில் நிற்கிற திருட்டுப் பயல்களுக்காக எழுதினேன், ஒன்பது வயதுக் குழந்தைக்காகவா எழுதினேன்? எந்த விதியை எங்கே ஒட்டுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? நல்ல விதி என்று மேலதிகாரி பாராட்டியபோது உங்களுக்குக்கூட எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும்.

டாக்டரம்மா புதனும் வியாழனும் வேறு பள்ளிக்கூடங்களைப் பார்க்கப் போயிருக்கிறார், நாளை வெள்ளிக்கிழமை திரும்புகிறார். வரட்டும். நாளைக்கு அந்த மனநல அறையில் நான் பேசப்போகிற பேச்சில் பெயர்ப்பலகை தானாகக் கீழே விழும். ஆனால் பங்க் எல்லாம் நிரம்பிவிட்டது, பட்டியல் கையெழுத்தாகிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆறு வாரம் யாராவது ஒருவர் என் குழந்தையோடு பொறுமையாக உட்கார்ந்திருந்தால் அவள் பேசிவிடுவாள் என்று நினைத்தேன். வீட்டில் அவள் பேசுவதைக் கேட்டால் தெரியும், எவ்வளவு விஷயம் வைத்திருக்கிறாள் என்று. நேற்று அவள் கோழியிடம், “நான் வந்திருந்தேன், உனக்குத் தெரியும்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாங்கள் தயவுசெய்து மெட்ராஸில் ஏதாவது ஒரு பத்திரிகை ஆபீஸுக்குப் போய் இந்த விஷயத்தை முழுக்க வெளியிட வேண்டும். டெல்லி, டாக்டர், ஹெட்மாஸ்டர், டீச்சர், கம்பவுண்டர், கான்டிராக்டர் ஆகிய ஆறு பேரும்தான் என் குழந்தையின் வாயைக் கட்டிப்போட்டார்கள் என்று தெளிவாக வர வேண்டும். குதிரையையும் சேர்க்கவும். பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், சிறியவர்களுக்கு எங்கள் ஆசிகள், சண்டைக்கு வருகிறவர்களுக்கு என் முகவரி. எல்லா நலமும் எல்லா வளமும் பெரம்பூரில் பெருகட்டும்.

இப்படிக்கு, கோபத்துடன்,
சொக்கலிங்கம்

பி.கு.

சனிக்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமை வந்த தந்தியை மறந்துவிட்டு, இன்று வருகிற தந்தியை நம்பவும். ஹார்பருக்கு வரவும் என்று அதில் அடித்திருக்கிறேன்.

நேற்று நீலாவதியையும் விசாலாட்சியையும் கூட்டிக்கொண்டு மனநல அறைக்குப் போனேன். டாக்டர் சந்திரமதி அம்மாள் நரைத்த தலை, கண்ணாடி, மெதுவான பேச்சு. என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். மேலே எழுதியிருப்பது அத்தனையும் சொன்னேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னதில் அழைப்பு மணி தானாக அடித்து பியூன் உள்ளே வந்தான், வேதநாயகம் வந்தார், கிரேசி டீச்சர் வந்தார், ஜன்னல் பூராவும் பிள்ளைகள். நான் கடைசியில், “எம்பொண்ணு வாயே திறக்க மாட்டா, எழுதிக் குடுங்க, இப்பவே எழுதிக் குடுங்க” என்று கத்தினேன். அப்போது சாக்குப் போர்த்திய குதிரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்பா, கத்தாதீங்க. நீங்க கத்தினா எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது.”

அத்தனை பேர் காதிலும் விழுந்தது. கிரேசி டீச்சர் அழுதுவிட்டார். பதினாலு மாதமாக இந்தக் குரலை வாசற்படிக்கு வெளியே கேட்க வேண்டும் என்று அலைந்த நான், கேட்டதும் நாற்காலியைத் தேடினேன். டாக்டரம்மா, “எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டார். பதினாலு மாசமாத்தான் பேசறதில்ல என்றேன். “குழந்தையக் கேக்கல” என்றார். விசாலாட்சி முந்திக்கொண்டு, “கல்யாணம் ஆன நாளிலேர்ந்து இப்படித்தான் டாக்டர்” என்று சொல்லிவிட்டாள். தங்கள் தங்கை சபையில் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு டாக்டரம்மா குதிரையின் சாக்கை எடுக்கச் சொன்னார். வேதநாயகம் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று ஆரம்பித்தார், அந்த அம்மாள் பார்த்த பார்வையில் தாமே எடுத்துப்போட்டார். நீலாவதி ஒரு மணி நேரம் அதில் ஆடிக்கொண்டே டாக்டரம்மாவிடம் ரகசியக் குரலில் பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டில் ஓர் இடம் காலியாகியிருந்தது. ருக்கு கடிப்பதெல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்தது என்று அவளே டாக்டரம்மாவிடம் சொல்லி, கம்பவுண்டரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டாளாம். பாலசுப்பிரமணியம் என்னோடு பேசுவதில்லை. அந்த இடத்தை டாக்டரம்மா எங்களுக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்துதான் படித்துப் பார்த்தேன். ‘நோயாளி: சொக்கலிங்கம், வயது 41. துணைக்கு வருபவர்: நீலாவதி, வயது 9.’

இன்று காலை சீட்டு வாங்க என் ஆபீஸுக்கே போய், என் கவுண்ட்டருக்கு வெளியே நின்றேன். உள்ளே என் கீழ் வேலை பார்க்கிற லூர்துநாதன். ஒருநாளும் விதி தவறாத பையன், நான் பழக்கியவன். எழுந்து நின்று, “சார், மன்னிக்கணும், பேரு சொல்லணும்” என்றான். பின்னால் முப்பது பேர் வரிசை. எல்லோருக்கும் எதற்காகப் போகிறேன் என்று தெரியும். என் பெயர் என் வாயில் வரவில்லை மச்சான். பெஞ்சு மேல் ஏறி நிற்கிற மாதிரி இருந்தது. நீலாவதி என் விரலைப் பிடித்துக்கொண்டு, எக்கி, ஜன்னலுக்குள் பார்த்து, “இவர் பேரு சொக்கலிங்கம். வந்திருக்கார்” என்றாள்.

பிறர் சொல்வது செல்லாது. லூர்துநாதன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு சீட்டைக் கொடுத்தான்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட இருந்தேன். விசாலாட்சி, “கிழிக்காதீங்க, அண்ணன் படிக்கட்டும்” என்கிறாள், உறையில் போட்டு அவளே ஒட்டப்போகிறாளாம். நாங்கள் வருகிற அதே கப்பலில் தபால் பையில் இதுவும் வரும். தாங்கள் இதைப் படிக்கும்போது நான் பெரம்பூரில் தங்கள் எதிரே உட்கார்ந்திருப்பேன். மேலே எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். வீட்டாரைக் கூப்பிட வேண்டாம், மாடி வீட்டாரையும் கூப்பிட வேண்டாம், உரக்கப் படிக்க வேண்டாம். மெதுவாகப் படிக்கவும். நீலாவதி பக்கத்தில் இருப்பாள், ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள்.